ஒரே சேலை, இரண்டு நிறம்: பார்ப்பது என்றால் என்ன?

பாட்டிக்கு இடது கண்ணில் புரை எடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வலது கண்ணுக்கு இன்னும் தேதி கொடுக்கவில்லை. ஒரு மத்தியானம் அலமாரியைத் திறந்து, தாத்தா வாங்கிக் கொடுத்த நீலச் சேலையை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கண்ணைக் கையால் பொத்திப் பார்ப்பார். பிறகு இடது கண்ணைப் பொத்திப் பார்ப்பார். வெகுநேரம் இப்படியே மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இந்தக் கண்ணுல பாத்தா நல்ல நீலம். அந்தக் கண்ணுல பாத்தா பாசி பிடிச்ச தண்ணி மாதிரி கெடக்கு. ரெண்டுல எதும்மா இந்தச் சேலையோட நெறம்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் வில்லை மஞ்சளாகிவிடும். அதன் வழியே நீல ஒளி குறைவாகத்தான் உள்ளே போகும். அந்த வில்லையை எடுத்துவிட்டுத் தெளிவான செயற்கை வில்லை வைத்ததால் நீலம் திரும்பி வந்திருக்கிறது. பாட்டி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஏன் அப்படித் தெரியுதுன்னு சொல்ற. நான் கேட்டது, எது சேலையோட நெறம்னு."

பாட்டி தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் ஆண்டைத் தாண்டாதவர். மலேசியாவில் தெலுக் இந்தானைச் சுற்றியிருக்கும் ரப்பர்த் தோட்டங்களில் முப்பது வருடம் பால் வெட்டியவர். ஆனால் அவர் பிரித்துச் சொன்ன இரண்டு கேள்விகளைத்தான் தத்துவமும் காலங்காலமாகப் பிரித்து வைக்கிறது. ஏன் அப்படித் தெரிகிறது என்பதற்குக் கண் மருத்துவரும் இயற்பியலாளரும் பதில் சொல்வார்கள். அப்படித் தெரிகிற அது என்ன, அது சேலையைச் சேர்ந்ததா பார்க்கிறவரைச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. தத்துவம் படித்திராத ஒருவருக்கு அந்த இரண்டாவது கேள்வியை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். பாட்டிக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்ற குறையும் மனதில் இருக்கிறது.

முதலில் இரண்டு சொற்கள். கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்து நின்றால் இமைக்குள் ஒரு செம்மை தெரியும். அங்கே எந்தப் பொருளும் தெரியவில்லை; வெறும் செம்மை. இதைப் புலனுணர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். கண்ணைத் திறந்தால் கொடியில் காயும் துணி, வேலி, பக்கத்து வீட்டுப் பூனை. இது காட்சி. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் ரீட் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொன்னார். வலி போன்ற உணர்ச்சிக்குத் தன்னைத் தவிர வேறு பொருள் கிடையாது. காட்சியோ எப்போதும் வெளியே உள்ள ஏதோ ஒன்றைப் பற்றியது. புலனுணர்ச்சியிலிருந்து காட்சிக்கு எப்படி வந்து சேர்கிறோம்? பார்த்தலைப் பற்றிய கொள்கைகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இதற்குச் சொல்லப்பட்ட பதில்கள்.

இதைப் பற்றி எழுதும் பலர் நேரே ஐரோப்பாவிலிருந்து தொடங்குகிறார்கள். நான் மணிமேகலையிலிருந்து தொடங்குகிறேன். பெருமைக்காக இல்லை, இந்தச் சிக்கலுக்கு எனக்குத் தெரிந்த மிக எளிய எடுத்துக்காட்டு அங்கேதான் இருக்கிறது.

அம்மாவும் பால் வெட்டியவர்தான். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் நுழைய வேண்டும். விளக்கு எட்டும் தூரத்துக்கு அப்பால், மரங்களுக்கு நடுவே, நிமிர்ந்து ஏதோ ஒன்று நிற்கும். ஆளா, பட்டுப்போன மரத்தின் கட்டையா என்று தெரியாது. அந்தக் கணத்தில் நெஞ்சு அடைத்துப் போகும் என்பார் அம்மா. மணிமேகலையின் 27ஆம் காதையில், பல சமயத்தாரின் வாதங்களைக் கேட்கும் இடத்தில், ஐயத்துக்குச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு இதேதான்: "தறியோ மகனோ". தறி என்றால் நட்ட கட்டை. மகன் என்றால் ஆள். அதே இடத்தில் திரிவுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. மின்னும் இப்பியை, அதாவது சிப்பியை, வெள்ளி என்று நினைப்பது. ஐயத்தில் மனம் முடிவு செய்யாமல் தவிக்கிறது. திரிவில் முடிவு செய்துவிடுகிறது, தவறாக.

29ஆம் காதையில் பௌத்தத் தரப்பு பேசும்போது இன்னும் நுட்பமான ஒன்று வருகிறது. காட்சி என்பது வெறும் "சுட்டுணர்வு" மட்டுமே; பெயர், இனம், குணம், செயல் இவற்றை எல்லாம் அதிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்கிறது அது. பௌத்த அளவையியலை வகுத்த திக்நாகரின் கொள்கை இது. அவர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று மரபு சொல்லும். அம்மாவின் நிரைக்கே திரும்பிப் போவோம். முதல் கணத்தில் இருப்பது "அதோ" என்று சுட்டத்தக்க ஒரு கருமை. அதுவரைதான் காட்சி. "ஆள்" என்பது அதன் மேல் மனம் போட்ட சட்டை. சட்டை தப்பாக இருக்கலாம். உள்ளே இருக்கும் சுட்டுணர்வு தப்பாகாது.

பழைய இந்தியத் தர்க்கப் பள்ளியான நியாய மரபினர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. புலனும் பொருளும் தொடுவதால் பிறந்து, பிழையில்லாமல், இன்னது என்று உறுதியாக நிற்பதுதான் காட்சி என்பது நியாய சூத்திரத்தின் வரையறை. பிற்கால நியாயவாதிகள் அதை இரண்டு படியாக்கினார்கள்: பெயரிடாத காட்சி, பெயரோடு கூடிய காட்சி. இரண்டுமே காட்சிதான். "பசு" என்று தெரிந்து பார்ப்பதும் பார்ப்பதுதானே என்பது அவர்கள் வாதம். நம் சைவ சித்தாந்தமும் இந்தச் சண்டையில் கலந்துகொண்டது. 13ஆம் நூற்றாண்டின் சிவஞான சித்தியார், ஐயமும் திரிவும் இல்லாததையே மாசறு காட்சி என்று கொண்டு, காட்சியை நான்கு வகையாகப் பிரிக்கிறது. அவற்றில் புலன் வழியே வருவது ஒரு வகை மட்டும்.

திரிவைப் பற்றி நம் மரபுகள் செய்திருக்கும் ஆராய்ச்சியை இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். செம்பனைத் தோட்டத்தில், அதாவது பாமாயில் எடுக்கும் பனைத் தோட்டத்தில், எலி அதிகம். எலியைத் தேடி நாகமும் வரும். வெட்டிப் போட்ட மட்டைகளின் மேல் நடந்து பழகிய அப்பா, ஒரு நாள் மருந்தடிக்கும் கருப்புக் குழாயைப் பார்த்துவிட்டுப் பின்னால் துள்ளிக் குதித்ததை நானே கண்டிருக்கிறேன். அங்கே பாம்பு இல்லை. அப்படியானால் அப்பா கண்டது என்ன?

நியாயம் சொல்லும்: முன்பு வேறெங்கோ கண்ட உண்மையான பாம்பை, நினைவின் வழியே இந்தக் குழாயின் மேல் ஏற்றிப் பார்த்தார். வேதத்துக்குப் பொருள் காணும் மீமாம்சை மரபில் பிரபாகரர் வழி வந்தவர்கள் சொல்வார்கள்: தவறான காட்சி என்று ஒன்றே கிடையாது, "இது" என்பது காட்சி, "பாம்பு" என்பது நினைவு, இரண்டும் வேறு என்பதை அவர் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். அத்வைதிகள் சொல்வார்கள்: அந்தக் கணத்துக்கு அங்கே ஒரு பாம்பு தோன்றியது, அதை உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரே துள்ளலுக்கு மூன்று விளக்கம். எனக்குப் பிரபாகரர் பதில் அழகாகத் தெரிகிறது, ஆனால் நம்ப முடியவில்லை. அப்பா துள்ளியது நினைவைப் பார்த்து இல்லை. அவர் கண் முன்னால் ஏதோ நெளிந்தது.

இனி கண்ணுக்கு வருவோம்.

பார்வை கண்ணிலிருந்து வெளியே போகிறதா, வெளியிலிருந்து கண்ணுக்குள் வருகிறதா? குழந்தை கன்னத்தில் கரும்பொட்டு வைக்கும் எந்த வீட்டிலும் முதல் பதில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்கிறோமே, அதில் கண் எதையோ எறிகிறது. கிரேக்கத்தில் யூக்ளிட் கண்ணிலிருந்து கதிர் போவதாக வைத்துத்தான் கணக்கு எழுதினார். நியாய மரபும் கண்ணின் ஒளி பொருளைப் போய்த் தொடுவதாகவே கொண்டது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு அல் ஹைதம் என்ற அரபு அறிஞர் இதைத் திருப்பிப் போட்டார்: பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகிறது, கூசும் வெளிச்சம் கண்ணை வலிக்கச் செய்வதைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றார். 1604இல் வானியலாளர் கெப்ளர், அந்த ஒளி கண்ணின் பின்சுவரில் தலைகீழான ஒரு படமாக விழுகிறது என்று காட்டினார்.

இந்தப் படம் பெரிய வசதி. பெரிய வம்பும் இதுதான். கண்ணுக்குள் படம் விழுகிறது என்று சொன்னவுடன், அந்தப் படத்தை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி வந்துவிடுகிறது. தலைக்குள் ஒரு குட்டி ஆள் உட்கார்ந்து பார்க்கிறான் என்றால், அவன் கண்ணுக்குள் விழும் படத்தைப் பார்ப்பது யார்? இந்தத் தொடருக்கு முடிவே இல்லை. பார்ப்பது என்றால் தலைக்குள் படம் ஓடுவது என்று பள்ளியில் நாமெல்லாம் மனத்தில் பதித்து வைத்திருக்கிறோம். அதை இப்போதே கழற்றி வைத்துவிடுங்கள். படம் விழுவது பார்ப்பதற்கு வேண்டிய ஒரு படி. அந்தப் படமே நாம் பார்க்கும் பொருள் ஆகாது.

பாட்டியின் கேள்விக்கு நேராக வந்து நிற்பவர் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக். 1690 என்று தேதியிட்டு வந்த தன் நூலில் பொருள்களின் பண்புகளை இரண்டாகப் பிரித்தார். வடிவம், பருமன், அசைவு ஆகியவை பொருளிலேயே இருப்பவை. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இருக்கும். நிறம், மணம், சுவை அப்படியல்ல. நம்மிடத்தில் அந்த உணர்ச்சியை எழுப்பும் ஆற்றல் மட்டுமே பொருளிடம் இருக்கிறது. லாக் பாட்டியிடம் இப்படிச் சொல்லியிருப்பார்: சேலையின் நூலிழைக்கு ஒளியை ஒரு விதமாகத் திருப்பி அனுப்பும் அமைப்பு உண்டு. அந்த அமைப்பு உங்கள் புதிய கண்ணில் நீலத்தையும் பழைய கண்ணில் பாசியையும் எழுப்புகிறது. நீலம் மாதிரியோ பாசி மாதிரியோ எதுவும் சேலையில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

இது அறிவியலோடு நன்றாக ஒத்துப்போகிறது. ஆனால் சேலைக் கடையில் செல்லாது. டவுன் கடையில் அம்மா சேலை எடுக்கும்போது கவனித்திருக்கிறேன். குழல் விளக்குக்குக் கீழே விரித்துக் காட்டினால் நம்ப மாட்டார். "வாசலுக்குக் கொண்டு வாங்க" என்பார். பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் "இதுதான் நெறம்" என்று முடிவு செய்வார். இந்தப் பழக்கத்துக்குள்ளேயே ஒரு கொள்கை இருக்கிறது: நல்ல பகல் வெளிச்சத்தில், குறையில்லாத கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அதுதான் பொருளின் நிறம். நிறம் பார்ப்பவரைச் சார்ந்ததாக இருக்கலாம். அதற்காக யார் சொன்னாலும் சரி என்று ஆகிவிடாது. இந்தப் பதிலில் ஒரு நேர்மை இருப்பதாக நினைக்கிறேன். பாட்டிக்குச் சொல்லத்தக்க பதிலும் அனேகமாக இதுதான்.

ஆனாலும் குறையில்லாத கண்கள் எல்லாம் ஒன்றுபோலப் பார்ப்பதில்லை. 2015இல் இணையத்தில் ஓர் ஆடையின் படம் சுற்றியது நினைவிருக்கலாம். சிலருக்கு நீலமும் கருப்பும், சிலருக்கு வெள்ளையும் பொன்னிறமும். எங்கள் வீட்டிலேயே அண்ணனுக்கும் எனக்கும் சண்டை. ஒரே கைத்தொலைபேசி, ஒரே படம், ஒரே நேரம். ஆடை உண்மையில் நீலமும் கருப்பும்தான். படத்தில் அதன் மேல் விழுந்த ஒளி எப்படிப்பட்டது என்று ஒவ்வொருவர் மூளையும் தானாக ஒன்றை எடுத்துக்கொண்டது. நிழலில் இருப்பதாக எடுத்துக்கொண்டவர்கள் வெள்ளையைக் கண்டார்கள். அப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது யாருக்கும் தெரியவே இல்லை. இதற்குச் சற்றுக் கழித்துத் திரும்பி வருகிறேன்.

லாக்குக்குப் பின் அயர்லாந்துத் தத்துவவாதி பெர்க்லி. 1710இல் அவர் கேட்டது எளிய கேள்வி: நிறம் மனத்தில் இருக்கிறது என்றால் வடிவம் மட்டும் எப்படி வெளியே இருக்கும்? தூரம் மாறினால் வடிவமும் அளவும் கூடத்தான் மாறித் தெரிகின்றன. ஆகவே இருப்பது என்றால் உணரப்படுவது என்றே முடித்துவிட்டார். மனத்துக்கு வெளியே சடப்பொருள் என்று ஒன்று தேவையில்லை. கடவுளின் பார்வையில் எல்லாம் நிலைபெற்றிருக்கின்றன. இதை அதற்கு மேல் இங்கே விரிக்கவில்லை. கேட்ட முதல் நாள் தூக்கம் வராது. அதற்குப் பிறகு பழகிவிடும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வாதம் புதிய உருவம் எடுத்தது. அதைச் சொல்ல எங்கள் ஊர்க் கோபுரம் வேண்டும்.

தெலுக் இந்தானுக்கு வந்தவர்கள் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்காமல் போக மாட்டார்கள். 1885இல் கட்டியது, ஏறத்தாழ 25 மீட்டர் உயரம். மேலே ஊருக்கான தண்ணீர்த் தொட்டி. அந்தப் பாரமும் அடியில் இருக்கும் இளகிய மண்ணும் சேர்ந்து அதைச் சாய்த்துவிட்டன. உச்சியில் கடிகாரம். நேர் எதிரே நின்றால் கடிகார முகம் வட்டமாகத் தெரியும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முட்டை வடிவம்.

1912இல் ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஒரு மேசையை வைத்துச் செய்த வாதத்தை இந்தக் கடிகாரத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். கடிகாரம் வட்டம், அது மாறவில்லை. நான் நடக்க நடக்க ஏதோ ஒன்று மாறிக்கொண்டே இருக்கிறது. முட்டை வடிவமாக இப்போது என் முன்னால் இருப்பது கடிகாரமாக இருக்க முடியாது, ஏனென்றால் கடிகாரம் முட்டை வடிவமில்லை. ஆகவே நான் நேரே காண்பது புலன்தரவு, அதாவது புலனுக்கு நேரே கிடைக்கும் தோற்றம். கடிகாரத்தை அதிலிருந்து ஊகித்துக்கொள்கிறேன். பாட்டியின் சேலையிலும் இதே கணக்கு. பாசி நிறமாக ஏதோ ஒன்று அவர் முன்னால் இருந்தது. சேலை பாசி நிறமில்லை. ஆகவே அவர் நேரே கண்டது சேலையை அல்ல.

முதல் முறை கேட்கும்போது இதிலிருந்து தப்ப வழியே இல்லை என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கப் பல நாள் பிடித்தது. "முட்டை வடிவமாகத் தெரிகிறது" என்பதிலிருந்து "முட்டை வடிவமான ஒன்று இருக்கிறது" என்று தாவும் இடம்தான் அந்த ஓட்டை. ஒருவர் கோபமாகத் தெரிகிறார் என்றால், கோபமான ஏதோ ஒன்று அவருக்கும் எனக்கும் நடுவே மிதக்கிறது என்றா பொருள்? ஆக்ஸ்ஃபோர்டில் ஜே. எல். ஆஸ்டின் தன் விரிவுரைகளில் இந்தத் தாவலைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் இறந்த பிறகு 1962இல் அவை நூலாக வந்தன. தண்ணீரில் பாதி அமிழ்ந்த கம்பு வளைந்து தெரிகிறதே, அங்கே நாம் காண்பது என்ன? தண்ணீரில் பாதி அமிழ்ந்த கம்பைத்தான். அது அப்படித்தான் தெரியும். தெரியாவிட்டால்தான் அதிசயம். பக்கத்திலிருந்து பார்த்த வட்டக் கடிகாரமும் அப்படித்தான். வட்டமான கடிகாரம் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படித் தெரிகிறது.

கோபுரம் இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து எண்ணினால் எட்டு மாடி. உள்ளே ஏறினால் மூன்றே மாடி. சின்ன வயதில் முதல் தடவை உள்ளே போய் வந்தபோது ஏமாந்துவிட்டதாகவே தோன்றியது. கண் என்னை ஏமாற்றியதா? யோசித்துப் பார்த்தால், கண் காட்டியது எட்டு அடுக்குக் கூரை விளிம்புகளை. அவை உண்மையாகவே எட்டு இருக்கின்றன. கூரை விளிம்புக்கு ஒரு மாடி என்று கூட்டிக்கொண்டது நான். புலன் தவறுவதில்லை, தீர்ப்புதான் தவறுகிறது என்று சொல்பவர்களுக்கு இது நல்ல சான்று.

எல்லா மயக்கமும் இந்த வகையில் அடங்காது என்பதால்தான் கதை நீள்கிறது. ஒரே நீளமுள்ள இரண்டு கோடு போடுங்கள். ஒன்றின் இரு முனையிலும் அம்புத் தலை; மற்றதில் அம்பு வெளிப்பக்கம் விரிந்திருக்கட்டும். 1889இல் முல்லர் லையர் காட்டியது இது. இரண்டாவது கோடு நீளமாகத் தெரியும். அடிக்கோல் வைத்து அளந்து ஒரே நீளம் என்று தெரிந்த பிறகும் நீளமாகத்தான் தெரியும். இங்கே என் தீர்ப்பு சரியாகவே இருக்கிறது. ஆனாலும் தோற்றம் அசைய மறுக்கிறது. அப்படியானால் தோற்றத்தை உண்டாக்கும் வேலை, நான் அறியாமலே, என் பேச்சைக் கேட்காமலே எங்கோ நடக்கிறது.

ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதற்கு ஒரு பெயர் கொடுத்தார்: அறியாமலே செய்யும் ஊகம். 1856 முதல் 1867 வரை பகுதி பகுதியாக வந்த அவருடைய பெருநூல் இதை விரிவாகச் சொல்கிறது. கண்ணுக்கு வரும் ஒளி எப்போதும் குறைவான செய்திதான். அதற்கு எது காரணமாக இருக்கும் என்று பழைய அனுபவத்தை வைத்து மூளை ஊகிக்கிறது. அந்த ஊகத்தின் முடிவுதான் நமக்குக் காட்சியாக வந்து சேர்கிறது. நீல ஆடையில் அண்ணனும் நானும் பிரிந்ததும் இங்கேதான். இதை உங்கள் கையிலேயே சோதிக்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் சுமார் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் பக்கம் பக்கமாக இரண்டு புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் இடப்பக்கப் புள்ளியையே பார்த்தபடி தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டரில் வலப்பக்கப் புள்ளி மறைந்துவிடும். நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை வாங்கும் செல்கள் இல்லை. 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் மரியொத் கண்டுபிடித்த குருட்டுப் புள்ளி அது. புள்ளி மறைவதைவிட எனக்கு வியப்பு வேறொன்று: அந்த இடத்தில் ஓட்டை தெரிவதில்லை. வெள்ளைத் தாள் தொடர்ச்சியாகத் தெரிகிறது. பிறந்ததிலிருந்து இப்படி நிரப்பப்பட்ட உலகத்தைத்தான் பார்த்து வந்திருக்கிறோம்.

இதை எதிர்த்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன். 1979இல் வந்த அவருடைய கடைசி நூலின் மையம் இது: நீங்கள் எல்லோரும் ஒரு கண்ணை மூடி, தலையை ஆட்டாமல், தாளில் கோடு பார்க்கும் மனிதனை வைத்துக் கொள்கை கட்டுகிறீர்கள். உயிருள்ளது எதுவும் அப்படிப் பார்ப்பதில்லை. நடக்கிறது, தலையைத் திருப்புகிறது, கிட்டே போகிறது. நடக்கும்போது அருகிலிருக்கும் மரம் வேகமாகவும் தூரத்து மரம் மெதுவாகவும் நகர்கின்றன. அந்த ஓட்டத்திலேயே தூரம் எழுதியிருக்கிறது. ஊகிக்க என்ன இருக்கிறது? செம்பனை நிரைகள் ஒரே அளவில் நட்டவை. பேருந்து ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தால் நிரைகள் விசிறிபோலத் திறந்து மூடும். கிப்சன் சொல்வதற்கு அதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது. அம்மாவும் "தறியோ மகனோ" என்று நின்ற இடத்திலேயே தர்க்கம் செய்ததில்லை. நாலு எட்டு முன்னால் வைப்பார். தெரிந்துவிடும்.

இன்றைய தத்துவத்தில் நடக்கும் சண்டையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு தரப்பு, காட்சியைச் செய்தி போலக் கருதுகிறது: "இங்கே ஒரு பாம்பு இருக்கிறது" என்பது அதன் உள்ளடக்கம், செய்தி உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம், பொய்யான செய்தியில் வரும் பாம்பு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இன்னொரு தரப்பு, 1960களில் தத்துவவாதி ஹிண்டன் தொடங்கி வைத்தது, உண்மையாகப் பாம்பைக் காண்பதும் பாம்பு போலத் தோன்றுவதும் அடிப்படையிலேயே இரு வேறு நிகழ்ச்சிகள் என்கிறது. உள்ளே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாமல் போகலாம். அதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது. நல்ல காட்சியில் பொருளே நம் அனுபவத்தின் பாகமாக இருக்கிறது. பொய்த் தோற்றத்துக்காக நல்ல காட்சியையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டாம் என்ற இந்த எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. புலன் பொருளைத் தொடுகிறது என்று நியாயம் சொன்னதன் சாயல் இதில் இருக்கிறது.

பார்க்கக் கற்றுக்கொள்கிறோமா, பிறவியிலேயே தெரியுமா என்பதையும் தொடாமல் விட முடியாது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் மாலினோ என்ற அயர்லாந்துக்காரர் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். அவருடைய மனைவி பார்வை இழந்தவர். பிறவியிலேயே பார்வையில்லாமல், உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுப் பிரிக்கத் தெரிந்த ஒருவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமல், பார்த்து மட்டும் எது எது என்று சொல்வாரா? மாட்டார் என்றார் மாலினோ. லாக்கும் அதையே சொன்னார். முந்நூறு வருடத்துக்கு மேல் இது வாதமாகவே இருந்தது. 2011இல் இந்தியாவில் பவன் சின்காவின் குழு, பிறவிக் கண் குறை நீக்கிப் பார்வை பெற்ற சிறுவர் ஐவரைச் சோதித்து முடிவை வெளியிட்டது. தொட்டு அறிந்த வடிவத்தை அவர்களால் உடனே கண்ணால் அடையாளம் காண முடியவில்லை. ஆனால் சில நாள்களிலேயே முடிந்தது. மாலினோ சொன்னது சரிதான், ஆனால் அந்தக் குறை வெகு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பார்வை வந்த பிறகும் பார்க்கப் பழக வேண்டியிருக்கிறது.

அப்பாவைப் பார்த்தால் அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். பழுக்காத செம்பனைக் குலை கருப்பாக இருக்கும். பழுக்கப் பழுக்கச் செம்மஞ்சளாகும். காயை வெட்டினால் எண்ணெய் குறைவு. அவர் வேலை பார்த்த ஓரிடத்தில் அதற்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். எனக்கு அண்ணாந்து பார்த்தால் மட்டைகளுக்கு நடுவே கருப்பாக ஒரு மொத்தை தெரியும். அப்பா நீளக் கம்பைத் தோளில் சாய்த்தபடி ஒரு பார்வை பார்த்துவிட்டு "இது ஆச்சு, அது அடுத்த சுத்துக்கு" என்பார். அடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களையும் பார்த்துக்கொள்வார். அவர் கணக்குப் போட்டுச் சொல்கிறாரா, பழுத்ததைப் பார்க்கவே செய்கிறாரா? ஒரு நாள் கேட்டேன். "எங்கேம்மா கணக்கு. தெரியுது, வெட்டுறேன்" என்றார். திக்நாகர் இதைக் கேட்டால், உன் அப்பா காண்பதும் நீ காண்பதும் ஒன்றே, மீதி எல்லாம் மனம் சேர்த்தது என்பார். நான் இதில் நியாயத்தின் பக்கம். இருபது வருட வேலை அப்பாவின் தீர்ப்பை மட்டும் மாற்றவில்லை. குலை அவருக்கு வேறு மாதிரியே தெரிகிறது.

பாட்டிக்கு நாலு மாதம் கழித்து வலது கண்ணிலும் புரை எடுத்தார்கள். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும், நான் எதிர்பார்த்தபடியே, அலமாரியைத் திறந்து நீலச் சேலையை எடுத்தார். ஒரு கண்ணைப் பொத்தினார். மறு கண்ணைப் பொத்தினார். இரண்டிலும் ஒரே நீலம். இப்போது சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து, அம்மா சேலையைக் கடை வாசலுக்குக் கொண்டு வரச் சொல்வதை எடுத்துச் சொன்னேன். பாட்டி தலையாட்டினார். சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார்.

"நீலந்தான். தாத்தா வாங்கியாந்தப்ப இருந்த அதே நீலம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மடித்துக்கொண்டே, "பத்து வருசமா பாத்த அந்தப் பாசி நெறத்த இனி எங்க போயி பாக்குறது பாப்பா?" என்று கேட்டார்.